வாடகை உதவிப் பணம் யார் வீட்டைச் சென்றடைந்தது: அமெரிக்க அரசின் கண்காணிப்பு அறிக்கைகளைப் படித்துப் பயன்படுத்தும் முறை

அமெரிக்காவில் வாடகை உதவித் திட்டங்களுக்காகக் கூட்டாட்சி அரசு ஆண்டுதோறும் பல்லாயிரம் கோடி டாலர் செலவிடுகிறது. அந்தப் பணத்தைப் பற்றிய கணக்குகள், தணிக்கைகள், ஆய்வறிக்கைகள் ஆகியவற்றில் பெரும்பகுதி எவரும் படிக்கக்கூடிய வகையில் பொதுவில் வைக்கப்பட்டிருந்தும், அந்த உதவியை நம்பியிருக்கும் குடியிருப்போரும் அவர்களுக்காகப் பேசுவோரும் அவற்றை எடுத்துப் பார்ப்பது அரிது. உங்கள் ஊரின் வீட்டுவசதி ஆணையம் தன்னிடம் வந்த பணத்தை எப்படிக் கையாண்டது என்பதை ஒருவர் தாமே ஆராய்ந்து அறிவதற்கான வழியை இங்கே விளக்குகிறேன். எந்த அறிக்கையை எடுத்தாலும் அதனிடம் இரண்டு கேள்விகளைக் கேட்க வேண்டும். பணம் விதிப்படி செலவிடப்பட்டதா என்பது முதல் கேள்வி. அந்தப் பணத்தால் ஒரு குடும்பம் உண்மையிலேயே ஒரு வீட்டில் குடியேறியதா என்பது இரண்டாவது. அரசின் கண்காணிப்பு முறை முதல் கேள்விக்கு விடை தரும் வகையிலேயே பெரிதும் அமைக்கப்பட்டிருக்கிறது. இரண்டாவதற்கான விடையைப் பல அறிக்கைகளை ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்து நீங்களே கண்டடைய வேண்டியிருக்கும்.

பணம் வரும் வழி

யார் பணத்தை விடுவிக்கிறாரோ அவரே கண்காணிப்பையும் தொடங்குகிறார் என்பதால், முதலில் பணம் வரும் வழியைத் தெரிந்துகொள்ளுங்கள். நிலையான திட்டங்களில் முதன்மையானது 'பிரிவு 8' என்று மக்கள் அழைக்கும் வீட்டுத் தெரிவு வவுச்சர் திட்டம்; வவுச்சர் என்பது, குடும்பம் தானே தேடிக்கொள்ளும் வீட்டின் வாடகையில் ஒரு பங்கை அரசு செலுத்தும் என்ற உறுதிச் சீட்டு. 1937-ஆம் ஆண்டின் வீட்டுவசதிச் சட்டத்தில் 1974-ல் செய்யப்பட்ட திருத்தத்தின் வழியே பிறந்த இத்திட்டம், 1998-ஆம் ஆண்டுச் சட்டத்தால் இன்றைய வடிவத்தைப் பெற்றது. ஹட் என்று சுருக்கமாக அழைக்கப்படும் வீட்டுவசதி மற்றும் நகர்ப்புற வளர்ச்சித் துறை பணத்தை ஒதுக்குகிறது. நாடெங்கும் உள்ள 2,000-க்கும் மேற்பட்ட உள்ளூர் வீட்டுவசதி ஆணையங்கள் அதனைச் சுமார் 23 லட்சம் குடும்பங்களுக்காகச் செலவிடுகின்றன. குடும்பம், விதிப்படி கழிக்கப்படும் தொகைகள் (கழிவுகள்) போக மீந்த தன் மாத வருமானத்தில் பொதுவாக 30 விழுக்காட்டை வாடகைக்கும் மின்சாரம், எரிவாயு போன்றவற்றுக்கும் செலுத்த, மீதியை ஆணையம் ஒரு வரம்புக்கு உட்பட்டு வீட்டு உரிமையாளருக்கு நேரடியாகச் செலுத்துகிறது. 'உதவித் தர அளவு' எனப்படும் அந்த வரம்பை, பகுதி வாரியாக ஹட் மதிப்பிட்டு வெளியிடும் நியாயச் சந்தை வாடகையில் 90 முதல் 110 விழுக்காட்டுக்குள் ஆணையமே நிர்ணயிக்கிறது.

இந்த உதவி சட்டப்படி தகுதியுள்ள அனைவருக்கும் கிடைத்துவிடுவதில்லை. கூட்டாட்சி வாடகை உதவிக்குத் தகுதியுள்ள குடும்பங்களில் ஏறத்தாழ நான்கில் ஒன்றே அதைப் பெறுகிறது. மற்றவை காத்திருப்போர் பட்டியலில் இருக்கின்றன, அல்லது பட்டியல் மூடப்பட்டிருப்பதால் அதிலும் இடம்பெறாமல் இருக்கின்றன. ஆகவே ஓர் ஆணையத்தில் பயன்படாமல் தங்கும் ஒவ்வொரு வவுச்சரும் பட்டியலில் அடுத்து நிற்கும் குடும்பத்துக்குப் போகாத உதவியாகும். இதை மனத்தில் இருத்திக்கொண்டே கணக்குகளைப் படிக்க வேண்டும்.

பெருந்தொற்றுக் காலத்து அவசர வாடகை உதவி ஹட் வழியே வரவில்லை. கருவூலத் துறை மாநிலங்களுக்கும் பெரிய நகரங்களுக்கும் மாவட்டங்களுக்கும் பழங்குடி அரசுகளுக்கும் நேரடியாக அளித்த நிதி அது. எனவே அதன் மாதாந்தர, காலாண்டு அறிக்கைகளையும் ஆய்வுகளையும் கருவூலத் துறையிடமும் அத்துறையைத் தணிக்கை செய்யும் அதன் தலைமை ஆய்வாளர் அலுவலகத்திடமும் தேட வேண்டுமே ஒழிய, உள்ளூர் வீட்டுவசதி ஆணையத்திடம் கேட்டால் பெரும்பாலும் பயனிராது.

இன்னொன்றையும் தொடக்கத்திலேயே தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. வீட்டுவசதி ஆணையம் ஹட்டின் கிளை அலுவலகம் அன்று. மாநிலச் சட்டப்படி அமைக்கப்பட்டு, உள்ளூரில் நியமிக்கப்படும் உறுப்பினர்கள் கொண்ட ஒரு குழுவால் நிர்வகிக்கப்படும் தனி அமைப்பு. எந்த ஆவணத்தை எந்தச் சட்டத்தின்கீழ் கேட்பது என்பதை இந்த வேறுபாடே தீர்மானிக்கிறது.

ஆணையம் அனுப்பும் கணக்குகள்

ஒவ்வொரு குடும்பத்தையும் பற்றி 50058 என்ற எண்ணுடைய படிவத்தை ஆணையம் ஹட்டுக்கு மின்வழியில் அனுப்புகிறது. குடும்பத்தின் அளவு, வருமானம், கழிவுகள், வீட்டின் வாடகை, குடும்பம் செலுத்தும் பங்கு, அரசு செலுத்தும் பங்கு ஆகிய அனைத்தும் அதில் இருக்கும். தனிநபர் விவரங்கள் அடங்கியிருப்பதால் அந்தப் படிவங்கள் வெளியாருக்குக் கிடைக்காது. ஆனால் அவற்றிலிருந்து தொகுத்த எண்களை ஹட் ஆணைய வாரியாகவும் ஊர் வாரியாகவும் வெளியிடுகிறது. குடும்பங்களின் சராசரி வருமானம், அவை திட்டத்தில் இருந்துவரும் காலம், முதியோரும் மாற்றுத்திறனாளிகளும் எத்தனை விழுக்காடு என்பன போன்றவற்றை அங்கே காணலாம்.

இரண்டாவது கணக்கு மாதந்தோறும் செல்வது. அந்த மாதத்தில் எத்தனை வவுச்சர்கள் வாடகை ஒப்பந்தத்தில் இருந்தன, உரிமையாளர்களுக்குச் செலுத்திய தொகை எவ்வளவு என்பவற்றை ஆணையம் வவுச்சர் மேலாண்மைக் கணினி முறையில் பதிய வேண்டும். மூன்றாவது, ஆண்டு நிதிநிலை அறிக்கை; நிதியாண்டு முடிந்த 2 மாதங்களுக்குள் தணிக்கை செய்யப்படாத வடிவிலும், 9 மாதங்களுக்குள் தணிக்கை முடிந்த வடிவிலும் அனுப்பப்பட வேண்டும். இந்த மூன்றில் சாதாரண வாசகருக்கு மிக அதிகமாகப் பயன்படுவது இரண்டாவது கணக்கே. அதன் சுருக்கத்தை ஹட்டின் வவுச்சர் தரவுப் பலகையில் ஒவ்வோர் ஆணையத்துக்கும் தனித்தனியாகப் பார்க்க முடியும்.

இரண்டு விகிதங்கள்

அந்தத் தரவுப் பலகையைத் திறந்ததும் இரண்டு எண்களை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். ஆணையத்துக்கு அனுமதிக்கப்பட்ட வவுச்சர்களில் எத்தனை விழுக்காடு பயன்பாட்டில் உள்ளன என்பது ஒன்று. அதற்கு ஒதுக்கப்பட்ட பணத்தில் எத்தனை விழுக்காடு செலவாகியிருக்கிறது என்பது மற்றொன்று. தனித்தனியே பார்த்தால் இவை பெரிதாக எதையும் சொல்வதில்லை; சேர்த்துப் பார்க்கும்போதுதான் நிர்வாகத்தின் நிலை தெரியவரும்.

ஓர் ஆணையத்துக்கு 1,000 வவுச்சர்கள் அனுமதிக்கப்பட்டிருப்பதாகக் கொள்வோம். ஓராண்டுக்கு 12,000 வவுச்சர் மாதங்கள். அவற்றில் 10,560 மட்டுமே பயன்பட்டிருந்தால் வவுச்சர் விகிதம் 88 விழுக்காடு. பண விகிதம் 99 விழுக்காடாக இருந்தால், ஆணையத்திடம் பணம் எஞ்சவில்லை. வாடகைகள் உயர்ந்ததாலோ, குடும்பங்களின் வருமானம் குறைந்ததாலோ, ஒவ்வொரு வவுச்சருக்கும் ஆகும் செலவு ஏறிவிட்டது என்று பொருள். அந்த நிலையில் 120 குடும்பங்கள் வெளியே நிற்பதற்கு நிர்வாகத்தை மட்டும் குறைகூறுவது நியாயமாகாது. நாடாளுமன்றம் ஒதுக்கிய தொகை போதவில்லை என்பதே அங்குள்ள செய்தி. அதே ஆணையத்தில் பண விகிதமும் 88 விழுக்காடாகவே இருந்தால் நிலைமை முற்றிலும் வேறு. பணம் இருக்கிறது, வவுச்சரும் இருக்கிறது, பட்டியலில் குடும்பங்களும் இருக்கின்றன. ஆயினும் இம்மூன்றும் ஒன்றுசேரவில்லை. வவுச்சர் பெற்ற குடும்பங்களுக்கு உரிய காலத்துக்குள் வீடு கிடைக்கவில்லையா, உதவித் தர அளவு சந்தை வாடகையைவிட மிகத் தாழ்வாக வைக்கப்பட்டுள்ளதா, வீட்டு ஆய்வு தாமதமாவதால் உரிமையாளர்கள் பின்வாங்குகிறார்களா, பட்டியலிலிருந்து குடும்பங்களை அழைக்கும் பணியே மந்தமாக நடக்கிறதா என்று ஒவ்வொன்றாக விசாரிக்க வேண்டியது அப்போதுதான்.

செலவாகாத பணம் அடுத்த ஆண்டையும் பாதிக்கிறது. வவுச்சர்களைத் தொடர்ந்து நடத்த ஆண்டுதோறும் தரப்படும் புதுப்பிப்பு நிதி பெரும்பாலும் முந்தைய நாட்காட்டி ஆண்டின் உண்மையான பயன்பாட்டையும் செலவையும் அடிப்படையாகக் கொண்டு கணக்கிடப்படுவதால், இவ்வாண்டு குறைவாகச் செலவிட்ட ஆணையத்துக்கு அடுத்த ஆண்டு குறைவாகவே வரும். மறுபுறம், அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கைக்கு மேல் வவுச்சர்களைப் பயன்படுத்தி அந்தச் செலவைப் புதுப்பிப்பு நிதியில் ஏற்றவும் முடியாது. ஆகவே திறமையான நிர்வாகம் ஆண்டு முழுவதும் இந்த இரு எல்லைகளுக்கு இடையே கணக்குப் பார்த்தே நடக்க வேண்டியிருக்கிறது. பணத்தை வீணடித்ததற்காக ஓர் அலுவலரைக் கண்டிக்கும் அறிக்கைகள் நிறைய உண்டு. பணத்தைச் செலவிடாமல் வைத்திருந்ததற்காகக் கண்டிப்பவை மிகக் குறைவு. காத்திருக்கும் குடும்பத்தின் பக்கம் நின்று பார்த்தால் இரண்டும் ஒரே அளவு கடுமையான குறைகள் என்றே நான் கருதுகிறேன்.

மதிப்பெண்ணை எவ்வளவு நம்பலாம்

வவுச்சர் திட்டத்தை நடத்தும் ஆணையங்களுக்கு ஹட் 'செமாப்' (பிரிவு 8 மேலாண்மை மதிப்பீட்டுத் திட்டம்) என்ற முறையில் மதிப்பெண் அளிக்கிறது. காத்திருப்போர் பட்டியலிலிருந்து முறையாகத் தேர்வு செய்தல், வாடகை நியாயமானதா என்று சரிபார்த்தல், வருமானத்தைச் சரியாகக் கணித்தல், வீட்டுத் தர ஆய்வு, ஒதுக்கீட்டைப் பயன்படுத்துதல் முதலிய 14 அளவுகோல்கள் உள்ளன. 90 விழுக்காடும் அதற்கு மேலும் பெற்றால் உயர்நிலை, 60-க்குக் கீழே போனால் இடர்ப்பாட்டு நிலை, இடைப்பட்டது சராசரி நிலை. 250-க்கும் குறைந்த வீடுகளுக்கு உதவும் சிறிய ஆணையங்கள் ஓராண்டு விட்டு ஓராண்டு மதிப்பிடப்படுகின்றன.

இந்த 14-இல் பலவற்றுக்கு ஆணையம் தானே தன்னைச் சோதித்துச் சான்றளிக்கிறது. நிதியாண்டு முடிந்த 60 நாட்களுக்குள் நிர்வாகி கையொப்பமிட்டு அனுப்பும் அந்தச் சான்றை ஹட் ஒவ்வோர் ஆண்டும் ஒவ்வோர் ஊருக்கும் நேரில் சென்று சரிபார்ப்பதில்லை. ஆகவே உயர்நிலை என்ற சொல்லைப் பார்த்ததும் விசாரணையை முடித்துவிடாதீர்கள். எந்த அளவுகோலில் மதிப்பெண் குறைந்தது, எது ஹட்டின் கணினியில் உள்ள தரவிலிருந்து நேரடியாகக் கணக்கிடப்பட்டது, எது ஆணையத்தின் சொந்தச் சான்றை மட்டும் நம்பி வழங்கப்பட்டது என்று பிரித்துப் பாருங்கள். ஒதுக்கீட்டுப் பயன்பாடு கணினித் தரவிலிருந்து வருவது. 98 விழுக்காடும் அதற்கு மேலும் இருந்தால் அதற்குரிய முழு மதிப்பெண் கிடைக்கும். வாடகை நியாயத்தன்மையோ ஆணையம் தன் கோப்புகளில் சிலவற்றை மாதிரியாக எடுத்துப் பார்த்துச் சொல்வது. இரண்டுக்கும் ஒரே அளவு எடை கொடுத்துப் படிக்கக் கூடாது.

வீட்டுத் தரத்தைப் பொறுத்தவரை, உயிருக்கு ஆபத்தான குறைகளை 24 மணி நேரத்துக்குள்ளும் மற்றவற்றைப் பொதுவாக 30 நாட்களுக்குள்ளும் சரிசெய்ய வேண்டும் என்பதும், உரிமையாளர் சரிசெய்யாவிட்டால் ஆணையம் பணம் செலுத்துவதை நிறுத்திவைக்க வேண்டும் என்பதும் விதி. உங்கள் ஆணையம் கடந்த ஆண்டு எத்தனை வீடுகளுக்கு அவ்வாறு நிறுத்திவைத்தது என்று கேளுங்கள். பழுதடைந்த வீடுகள் மிகுந்த பகுதியில் அந்த எண் பூச்சியம் என்று பதில் வருமானால், ஆய்வுகள் எப்படி நடக்கின்றன என்று மேலும் கேட்பதற்கு அதுவே போதிய காரணம்.

ஒற்றைத் தணிக்கை அறிக்கையைப் படித்தல்

மேற்சொன்ன கணக்குகள் எல்லாம் ஆணையமே எழுதித் தருபவை. அதற்கு வெளியிலிருந்து ஒருவர் கோப்புகளைத் திறந்து பார்த்து எழுதும் ஆவணம் ஒற்றைத் தணிக்கை அறிக்கை. 1984-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, ஓராண்டில் குறிப்பிட்ட அளவுக்கு மேல் கூட்டாட்சி நிதியைச் செலவிடும் ஒவ்வொரு மாநில, உள்ளூர் அமைப்பும் தனித்த தணிக்கையாளரைக் கொண்டு இந்தத் தணிக்கையைச் செய்விக்க வேண்டும். அந்த அளவு நெடுங்காலம் 7,50,000 டாலராக இருந்து, 2024 அக்டோபர் 1 அன்றோ அதற்குப் பின்னரோ தொடங்கும் நிதியாண்டுகளுக்கு 10,00,000 டாலராக உயர்த்தப்பட்டது. தணிக்கையாளர் அறிக்கையைத் தந்த 30 நாட்களுக்குள், எப்படியும் நிதியாண்டு முடிந்த 9 மாதங்களுக்குள், அது கூட்டாட்சித் தணிக்கைக் களஞ்சியத்தில் சேர்க்கப்பட வேண்டும். 2023 முதல் பொதுச் சேவை நிர்வாகத் துறை நடத்திவரும் அந்தக் களஞ்சியத்தில் ஆணையத்தின் பெயரையும் ஆண்டையும் கொடுத்துத் தேடினால் முழு அறிக்கையையும் கட்டணமின்றிப் பதிவிறக்கிக்கொள்ளலாம்.

அறிக்கை நூறு பக்கங்களுக்கு மேல் இருப்பதைக் கண்டு தயங்க வேண்டியதில்லை. நேராகக் கடைசிப் பகுதிக்குச் சென்று, கூட்டாட்சி நிதிச் செலவு அட்டவணையை முதலில் எடுங்கள். ஒவ்வொரு திட்டத்துக்கும் அங்கே ஓர் எண் இருக்கும். வவுச்சர் திட்டம் 14.871, அரசு குறிப்பிட்ட கட்டடங்களுடன் செய்துகொள்ளும் பிரிவு 8 ஒப்பந்தங்கள் 14.195, பெருந்தொற்றுக் கால அவசர வாடகை உதவி 21.023. நீங்கள் தேடும் திட்டத்தின் எண்ணுக்கு எதிரே உள்ள தொகையைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்ததாக, தணிக்கை முடிவுகளின் சுருக்கத்தில் அந்தத் திட்டம் அவ்வாண்டு 'முதன்மைத் திட்டம்' எனத் தேர்ந்தெடுக்கப்பட்டதா என்று பாருங்கள். பலரும் தவறவிடுகிற இடம் இது. தணிக்கையாளர் எல்லாத் திட்டங்களையும் எல்லா ஆண்டும் சோதிப்பதில்லை. இடர் அளவைக் கணித்துச் சிலவற்றை மட்டுமே முதன்மைத் திட்டங்களாகத் தேர்ந்து, அவற்றின் கோப்புகளையே விதிப்படி ஆராய்கிறார். பெரிய திட்டங்கள் பொதுவாக மூன்றாண்டுக்கு ஒரு முறையேனும் அந்தப் பட்டியலில் வந்துவிடும். வவுச்சர் திட்டம் தேர்ந்தெடுக்கப்படாத ஆண்டில் அதைப் பற்றித் 'தணிக்கைத் தடை' (தணிக்கையாளர் சுட்டிக்காட்டி எழுதும் குறை) எதுவும் இல்லை என்றால், சோதிக்கவில்லை என்பதே அதன் பொருள், குறையில்லை என்பதன்று. அத்தகைய ஆண்டில் முந்தைய இரண்டு ஆண்டுகளின் அறிக்கைகளையும் சேர்த்து எடுத்துப் படியுங்கள்.

திட்டம் சோதிக்கப்பட்டிருந்தால் தணிக்கையாளரின் கருத்து எந்த வகையானது என்று காணுங்கள். குறையேதுமற்ற கருத்து, வரையறைக்குட்பட்ட கருத்து, எதிர்மறைக் கருத்து, கருத்துக் கூற இயலாமை என அது நான்கு வகைப்படும். பிறகு ஒவ்வொரு தணிக்கைத் தடையையும் பொறுமையாகப் படியுங்கள். விதி என்ன, நடந்தது என்ன, ஏன் நடந்தது, அதனால் விளைந்தது என்ன, கேள்விக்குரிய செலவு எவ்வளவு, ஆணையத்தின் பதில் என்ன என்ற வரிசையில் அது எழுதப்பட்டிருக்கும். இவற்றில் 'ஏன் நடந்தது' என்ற பத்தியை இருமுறை படிக்கப் பரிந்துரைக்கிறேன். ஊழியர்கள் விலகிப் போனார்கள், புதியவர்களுக்குப் பயிற்சி இல்லை, மேற்பார்வையாளர் கோப்புகளைச் சரிபார்க்கவில்லை என்பன போன்ற காரணங்கள் அங்கேதான் வெளிப்படும்; பொதுக் கூட்டத்தில் எழுப்பத்தக்க கேள்விகளும் அங்கிருந்தே பிறக்கும்.

மாதிரி அளவையும் கவனியுங்கள். சோதித்த 40 கோப்புகளில் 6-இல் வருமானச் சான்று இல்லை என்று எழுதியிருந்தால், குறை 15 விழுக்காடு. அந்த ஆறு குடும்பங்களுக்குச் செலுத்திய தொகையே 'அறியப்பட்ட கேள்விக்குரிய செலவு' எனக் குறிக்கப்பட்டிருக்கும். ஆணையம் ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு உதவுகிறதென்றால் அதே குறை மற்ற கோப்புகளிலும் இருப்பதற்கான வாய்ப்பு பெரிது. கேள்விக்குரிய செலவு என்பது திருட்டு என்று பொருள்படாது என்பதையும் நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். சான்று கோப்பில் இல்லாததாலேயே ஒரு செலவு கேள்விக்குரியதாகலாம்; அந்தக் குடும்பம் முழுத் தகுதியுடையதாகவே இருக்கவும் கூடும். ஆவணக் குறையை மோசடி என்று பெயரிட்டுப் பரப்புவது, உதவியைப் பெறுவோர் எல்லோர் மீதும் ஐயத்தை விதைக்கும்.

தலைமை ஆய்வாளரும் நாடாளுமன்றத்தின் தணிக்கையரும்

1978-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் ஒவ்வொரு பெரிய துறையிலும் தலைமை ஆய்வாளர் அலுவலகம் ஒன்று உண்டு. மார்ச் 31, செப்டம்பர் 30 ஆகிய நாட்களில் முடியும் அரையாண்டுகளுக்கு அது நாடாளுமன்றத்துக்கு அறிக்கை அளிக்கிறது. இடையிடையே தனி ஆணையங்களைப் பற்றிய தணிக்கைகளையும் வெளியிடுகிறது. உங்கள் ஊர் ஆணையத்தின் பெயரில் ஏதேனும் அறிக்கை உள்ளதா என்று ஹட் தலைமை ஆய்வாளரின் தளத்தில் தேடுங்கள். இருந்தால் அதன் பரிந்துரைகள் முடித்துவைக்கப்பட்டனவா, நிலுவையில் உள்ளனவா என்பதையும் அங்கேயே பார்க்கலாம். 1921-ல் தொடங்கப்பட்டு 2004 முதல் அரசுப் பொறுப்புடைமை அலுவலகம் என்ற பெயரைத் தாங்கிவரும் அமைப்பு நாடாளுமன்றத்துக்காக இதே பணியைத் தேசிய அளவில் செய்கிறது. அதுவும் தன் பரிந்துரைகளின் நிலையை அறிக்கையோடு இணைத்தே வெளியிடுகிறது.

முறையற்ற பட்டுவாடா பற்றிய ஆண்டு ஆய்வு இந்த வரிசையில் முக்கியமானது. 2020-ல் நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி, பெரும் இடர் உள்ள திட்டங்களில் தவறாகச் செலுத்தப்பட்ட தொகை எவ்வளவு என்று ஒவ்வொரு துறையும் மதிப்பிட்டுச் சொல்ல வேண்டும். சொன்னதா என்று அதன் தலைமை ஆய்வாளர் ஆண்டுதோறும் சரிபார்க்க வேண்டும். ஹட் தன் இரு பெரிய வாடகை உதவித் திட்டங்களுக்கு அத்தகைய மதிப்பீட்டைப் பல ஆண்டுகளாக உரிய முறையில் தரவில்லை என்று அதன் தலைமை ஆய்வாளரே திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறார். பல லட்சம் குடும்பங்களின் வருமானத்தைச் சென்ட் கணக்கில் சரிபார்க்கும் ஒரு துறை, தன் சொந்தப் பிழையின் அளவைச் சொல்ல முடியாமல் இருப்பது ஏற்கத்தக்கதன்று. முறையற்ற பட்டுவாடா என்றதும் குடியிருப்போர் வருமானத்தை மறைப்பதையே பலரும் நினைக்கிறார்கள். ஆனால் முன்னாளில் ஹட் நடத்திய தரக் கட்டுப்பாட்டு ஆய்வுகளில், வாடகையைக் கணக்கிடும் அலுவலர்களின் பிழைகளால் விளைந்த தொகையே மறைக்கப்பட்ட வருமானத்தால் விளைந்ததைவிடப் பெரிதாக இருந்தது.

அவசர வாடகை உதவியின் கணக்கு

2020 டிசம்பரில் 2,500 கோடி டாலரும், 2021 மார்ச்சில் 2,155 கோடி டாலரும் இதற்கென ஒதுக்கப்பட்டன. வேகமே உயிர்நாடியாக இருந்த இந்தத் திட்டத்தில் 2021 ஜூன் முடிவு வரை ஏறத்தாழ 300 கோடி டாலரே குடும்பங்களைச் சென்றடைந்திருந்தது. பின்னர் விண்ணப்பதாரரின் சொந்த உறுதிமொழியையே சான்றாக ஏற்கக் கருவூலத் துறை வழிசெய்தது. செலவிடாத இடங்களிலிருந்து உபரியைத் திரும்பப் பெற்று, தம் பங்கில் குறைந்தது 65 விழுக்காட்டை ஒதுக்கிவிட்ட இடங்களுக்கு மாற்றித் தரும் ஏற்பாடும் முதல் சட்டத்திலேயே இருந்தது. 2022-ல் அரசுப் பொறுப்புடைமை அலுவலகம், நிதி பெற்ற அமைப்புகளைக் கருவூலத் துறை கண்காணிக்கும் முறை மேலும் வலுப்பட வேண்டும் என்று வலியுறுத்தியது.

இந்த அறிக்கைகளைப் படிக்கும்போது 'ஒதுக்கப்பட்டது', 'செலவிடப்பட்டது' என்ற இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். ஒதுக்கியது ஒரு வாக்குறுதி. செலவிட்டதே குடும்பத்துக்குப் பட்டுவாடா ஆனது. அதிலும் நிர்வாகச் செலவைத் தனியே பிரித்துப் பாருங்கள். முதல் நிதியில் 10 விழுக்காடும் இரண்டாவதில் 15 விழுக்காடும் அதற்கு உச்சவரம்பு. அந்தந்தப் பகுதியின் இடைநிலை வருமானத்தில் (குடும்பங்களை வருமான வரிசையில் நிறுத்தினால் நடுவில் வருவது) 30, 50, 80 விழுக்காடு என்ற படிநிலைகளில் எந்தக் குடும்பங்களுக்கு உதவி சென்றது என்ற பிரிவும் காலாண்டுத் தரவில் உண்டு. திட்டக் காலம் முடிந்துவிட்டாலும், நிதி முழுவதும் செலவான பின் 5 ஆண்டுகளுக்கு ஆவணங்களைப் பாதுகாக்க வேண்டும் என்பது நிபந்தனை. அதனால் அவற்றை இன்னும் கேட்டுப் பெற வழி இருக்கிறது.

ஆவணம் கேட்பதும் முறையிடுவதும்

ஹட்டிடமோ கருவூலத் துறையிடமோ உள்ள ஆவணத்துக்குக் கூட்டாட்சித் தகவல் சுதந்திரச் சட்டத்தின்கீழ் விண்ணப்பியுங்கள். 20 வேலை நாட்களுக்குள் பதில் தர வேண்டும் என்பது பொது விதி. உள்ளூர் ஆணையத்திடம் உள்ளதற்கு அந்தச் சட்டம் பொருந்தாது. உங்கள் மாநிலத்தின் பொது ஆவணச் சட்டத்தைக் குறிப்பிட்டே எழுத வேண்டும். 'வவுச்சர் தொடர்பான எல்லா ஆவணங்களும்' என்று கேட்டால் மறுப்போ பெருங்கட்டணமோதான் கிடைக்கும். கடந்த நிதியாண்டில் வழங்கிய வவுச்சர்கள் எத்தனை, அவற்றில் வீடு கிடைக்காமல் காலாவதியானவை எத்தனை, கடைசியாக அனுப்பிய செமாப் சான்றின் நகல், உதவித் தர அளவைக் கடைசியாக மாற்றிய தீர்மானம் என்று ஆண்டையும் ஆவணத்தையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். குடும்பங்களின் பெயரும் முகவரியும் வேண்டாம் என்று நீங்களே எழுதிவிட்டால் தனியுரிமையைக் காரணம் காட்டி மறுப்பதற்கு இடம் குறையும்.

ஆணையத்தின் ஆண்டுத் திட்டத்துக்குப் பொது விசாரணைக் கூட்டம் உண்டு. அதற்கு 45 நாட்கள் முன்னதாக அறிவிப்பு வெளியாக வேண்டும், வரைவுத் திட்டமும் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும். சிறிய ஆணையங்கள் பலவற்றுக்கு ஆண்டுத் திட்டத்தை அனுப்புவதிலிருந்து விலக்கு இருந்தாலும் பொது விசாரணையிலிருந்து விலக்கு இல்லை. கூட்டத்தில் வாய்மொழியாகப் பேசுவதோடு நின்றுவிடாமல், இரண்டு விகிதங்களையும் தணிக்கைத் தடையின் எண்ணையும் குறிப்பிட்டு எழுத்தில் கொடுங்கள்.

சொந்த வாடகைக் கணக்கில் பிழை இருப்பதாக எண்ணும் குடும்பத்துக்கு வழி வேறு. ஆணையம் அனுப்பும் அறிவிப்பில் குறித்த கெடுவுக்குள் எழுத்தில் முறைசாரா விசாரணை கோர வேண்டும். விசாரணைக்கு முன் அதற்குத் தொடர்புள்ள கோப்பைப் பார்வையிடும் உரிமை அவர்களுக்கு உண்டு. மோசடி, கையூட்டு பற்றிய தகவல் தலைமை ஆய்வாளரின் புகார்ப் பிரிவுக்கு உரியது. இனம், மதம், பிறந்த நாடு, உடல் ஊனம் முதலிய காரணங்களால் பாகுபாடு நேர்ந்தால், நடந்த ஓராண்டுக்குள் ஹட்டின் நியாய வீட்டுவசதிப் பிரிவிடம் முறையிட வேண்டும். கூட்டாட்சி நிதி பெறும் அமைப்பின் ஊழியர் முறைகேட்டை வெளிப்படுத்தினால் அவரைப் பழிவாங்குவதைக் கூட்டாட்சிச் சட்டம் தடைசெய்கிறது.

ஓர் ஆண்டின் தணிக்கைத் தடை பற்றி நீங்கள் எழுதி, அதைச் சரிசெய்வோம் என்று ஆணையம் உறுதியளித்த பிறகு, மறு ஆண்டின் தணிக்கை அறிக்கை களஞ்சியத்தில் வந்ததும் அதில் உள்ள 'முந்தைய தணிக்கைத் தடைகளின் நிலை' என்ற அட்டவணையை எடுத்துப் பாருங்கள். அதே குறை மீண்டும் எழுதப்பட்டிருந்தால், ஹட்டின் வட்டார அலுவலகத்துக்கு ஒரு கடிதம் அனுப்பி, அந்தத் தடையின் மீது துறை எடுத்த மேலாண்மை முடிவின் நகலைக் கேளுங்கள். அறிக்கையைக் களஞ்சியம் ஏற்ற 6 மாதங்களுக்குள் அந்த முடிவை ஹட் எழுத்தில் வழங்கியிருக்க வேண்டும்.